பொறுப்பில் இருப்பவர் தம் நடத்தையைத் தாமே அறிவது எப்படி?

கேள்வி (வார்டு இன்சார்ஜ், தனியார் மருத்துவமனை)

வணக்கம். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வார்டு ஒன்றில் பல ஆண்டுகள் ஸ்டாஃப் நர்ஸாகப் பணியாற்றிவிட்டு, அண்மையில் அதே வார்டின் இன்சார்ஜ் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். முன்பு என்னிடம் எதையும் ஒளிவுமறைவின்றிப் பேசிய சகோதரிகள், இப்போது நான் எதைச் சொன்னாலும் "சரி மேடம்" என்று மட்டும் சொல்கிறார்கள். மறுத்துப் பேசுவோரும் இல்லை, குறை சொல்வோரும் இல்லை. இது என் நடத்தையால் வந்த அச்சமா, பதவிக்கு வழக்கமாகக் கிடைக்கும் மரியாதையா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. வாய்திறந்து யாரும் சொல்லாத நிலையில், என் குரலும் முகமும் சொற்களும் மற்றவர்களை என்ன செய்கின்றன என்பதை அறிய வழி உண்டா? இரவில் அன்றைய நாளை நினைத்துப் பார்க்கும் வழக்கம் எனக்கு உண்டு. ஆனால் அப்படிப் பார்க்கும்போது நான் செய்த ஒவ்வொன்றுக்கும் ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது.

பதில் 1 (ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்)

சகோதரி, உங்கள் கடைசி வரியைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். மனிதர்கள் தம் செயலுக்குச் சூழ்நிலையையும், பிறர் செயலுக்கு அவர்களுடைய குணத்தையும் காரணமாகக் காண்கிறார்கள் என்று 1971-இல் எட்வர்ட் ஜோன்ஸ், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற இரு உளவியலாளர்கள் எழுதினார்கள். நீங்கள் ஒருவரைக் கடிந்துகொண்டால், படுக்கை காலியில்லாததும் ரவுண்ட்ஸ் தாமதமானதும் உங்கள் நினைவில் நிற்கும். கேட்டுக்கொண்ட பெண்ணின் நினைவில் நிற்பதோ "மேடம் கோபக்காரர்" என்பது மட்டுமே. ஆகவே, தனிமையில் அமர்ந்து மனத்தைத் துருவுவதால் மட்டும் இது பிடிபடாது. உங்கள் முன்னிலையில் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள், என்ன செய்யாமல் விடுகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கெட்ட செய்தி எந்த வழியாக உங்களிடம் வந்து சேர்கிறது என்று பாருங்கள். ஒரு வேளை மருந்து தவறியிருக்கிறது, அல்லது டிரிப் வேகமாக இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதைச் செய்தவரே வந்து சொல்கிறாரா, அடுத்த ஷிப்ட் பொறுப்பேற்கும்போது தெரியவருகிறதா, அல்லது நோயாளியின் உறவினர் மருத்துவரிடம் முறையிட்ட பிறகுதான் உங்கள் காதுக்கு எட்டுகிறதா? அந்த வழி எவ்வளவு சுற்றிவருகிறதோ, அவ்வளவு தொலைவில் உங்களை வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். விடுப்பு வேண்டும் என்பதைக்கூட இன்னொருவர் மூலமாகச் சொல்லியனுப்பினால் அதுவும் ஓர் அடையாளமே.

தவறுகளைப் பதியும் பதிவேடு வெறுமையாக இருப்பதைக் கண்டு மகிழ்ந்துவிடாதீர்கள். அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்துப் பிழைகளை ஆராய்ந்த ஏமி எட்மண்ட்சன், நல்ல ஒற்றுமையுள்ள குழுக்களில் பிழைகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். ஆனால் 1996-இல் வெளியான அவருடைய ஆய்வில், அத்தகைய குழுக்களிலேயே அதிகப் பிழைகள் கண்டறியப்பட்டிருந்தன. அவர்கள் அதிகமாகத் தவறு செய்தார்கள் என்பதல்ல, தவறைச் சொல்ல அஞ்சவில்லை என்பதே அவர் தந்த விளக்கம். என் பணிக்காலத்தில் நான் கண்டவையும் இதற்கு மாறாக இல்லை.

பதில் 2 (விமானப் பராமரிப்புப் பொறியாளர்)

என் துறை வேறு என்றாலும் "சரி மேடம்" என்ற சொல் என்னை எழுதத் தூண்டியது. 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினின் டெனரீஃப் தீவிலுள்ள விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தனர். மூடுபனி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தெளிவிழந்த வானொலிச் செய்திகள் எனக் காரணங்கள் பல. ஆனால் விமானி அறையின் ஒலிப்பதிவில் இன்னொன்றும் இருக்கிறது. மோதிய இரண்டில் ஒன்றான, நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவன விமானம் புறப்பட ஓடத் தொடங்கிய பிறகு, மற்ற விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று விமானப் பொறியாளர் கேட்டார். விலகிவிட்டது என்று தலைமை விமானி அழுத்தமாகச் சொன்னார். அதன்பின் யாரும் வற்புறுத்தவில்லை. அந்தத் தலைமை விமானி தம் நிறுவனத்தின் மிக மூத்த பயிற்சியாளர்களுள் ஒருவர். அவர் கொடியவர் என்றோ, பிறரை மிரட்டுபவர் என்றோ கருத வேண்டியதில்லை. அவருடைய உறுதியான குரலும் அனுபவமுமே மற்றவர்களின் ஐயத்தை அடக்கப் போதுமானவையாக இருந்தன.

அதனால், அச்சமா மரியாதையா என்று நீங்கள் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை என்பது என் கருத்து. இரண்டின் விளைவும் ஒன்றுதான்: உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரியாமல் போகிறது. இந்த விபத்தையும் இதுபோன்ற வேறு விபத்துகளையும் அடுத்து 1979-இல் நாசா நடத்திய பயிலரங்கிலிருந்து வளர்ந்த பயிற்சிமுறை, இளையவருக்குத் துணிந்து பேசவும் மூத்தவருக்குக் கேட்டு வாங்கவும் சேர்த்தே கற்றுக்கொடுக்கிறது.

பதில் 3 (மனிதவளப் பயிற்சியாளர்)

ஓர் எச்சரிக்கை. "என்னைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?" என்று நேராகக் கேட்டுவிடாதீர்கள். கீழே பணிபுரிபவருக்கு அது சோதனையாகத் தெரியும். புகழ்ச்சிதான் பதிலாக வரும். மேலும், 1996-இல் க்ளூகர், டிநிசி என்ற ஆய்வாளர்கள் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பணி பற்றிய கருத்தைத் தெரிவித்த நேர்வுகளுள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில் செயல்திறன் குறைந்திருந்தது. கவனம் வேலையை விட்டு "நான் எப்படிப்பட்டவள்" என்பதன் பக்கம் திரும்பும்போது பயன் குன்றுகிறது என்பது அவர்கள் கருத்து. ஆகவே கேள்வியைக் குறுக்குங்கள். "இன்று காலை ஷிப்ட் ஒப்படைப்பில் நான் எந்த இடத்தில் அவசரப்படுத்தினேன்?" என்று கேட்டால், அதற்கு ஒருவர் அச்சமின்றிப் பதில் சொல்ல இயலும்.

நாட்குறிப்பை நிறுத்தவும் வேண்டாம். நினைத்ததையும் உணர்ந்ததையும் எழுதுவதற்குப் பதிலாக, சொன்ன சொற்களை அப்படியே, நேரத்தோடு எழுதுங்கள். நியாயத்தை அன்று எழுதாதீர்கள். சில வாரங்கள் கழித்துப் படித்தால், எந்த நேரத்தில், யாரிடம் குரல் உயர்கிறது என்பது தானே புலப்படும். நைட் ஷிப்ட் முடியும் வேளையில் ஒருவரும், பகலில் வேறொருவருமாக நாம் இருப்பது பெரும்பாலும் அப்போதுதான் தெரியும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. குறுகிய கேள்வி என்பது என்னால் நாளைக்கே செய்யக்கூடியது. ஆனால் படிப்பு முடித்துப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள், எப்படிக் கேட்டாலும் தலைகுனிந்து நிற்கிறார்கள். அவர்களிடம் எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1 (மீண்டும்)

அவர்களிடம் கேட்க வேண்டாம் அம்மா. அவர்கள் பார்க்கும்படி மூத்த ஸ்டாஃப் நர்ஸ் ஒருவரிடம் முதலில் கேளுங்கள். அவர் சொல்லும் குறையை நீங்கள் இடைமறிக்காமல் கேட்பதைப் பிள்ளைகள் காண வேண்டும். பிறகு ஒருநாள் அவர்களில் ஒருத்தி தன் தவறை ஒப்புக்கொண்டு உங்களிடம் வருவாள். அப்போது "யார் செய்தது?" என்று தொடங்காமல், நோயாளி இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டபடி அவளோடு படுக்கைக்குப் போங்கள். பதிவேட்டில் எழுதுவதைப் பிற்பாடு அவள் பக்கத்தில் அமர்ந்து செய்யலாம். அன்று நீங்கள் நடந்துகொண்ட விதம் மாலைக்குள் விடுதி முழுவதும் தெரிந்துவிடும். மற்ற பிள்ளைகள் வருவதும் வராததும் அதைப் பொறுத்தது.