காந்தத் துகள் சிகிச்சைக்காக நிலத்தை விற்கலாமா?

கோட்டையூர் மருமகன்:
எங்கள் அம்மானுக்கு மூளையில் கிளியோபிளாஸ்டோமா என்னும் புற்றுக்கட்டி. அறுவையும் கதிர்வீச்சும் முடிந்த பின்னரும் கட்டி திரும்பிவிட்டது. இரும்பு நுண்துகள்களைக் கட்டிக்குள் செலுத்திக் காந்தப்புலத்தால் சூடேற்றும் முறைக்கு 2010-லேயே ஐரோப்பாவில் அனுமதி கிடைத்ததாக அறிந்து, நிலத்தை விற்றாவது ஜெர்மனிக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று பங்காளிகள் நிற்கிறார்கள். உங்கள் கருத்து என்ன?

காரைக்குடி வேதியியலார்:
இதில் மாயம் ஏதுமில்லை, தம்பி. சுமார் 12 நானோமீட்டர் அளவுள்ள இரும்பு ஆக்சைடு துகள்களை நீரில் கலந்து கட்டிக்குள்ளேயே ஊசியால் செலுத்துகிறார்கள். பிறகு நோயாளியின் தலையை நொடிக்கு 1 லட்சம் முறை அலைவுறும் காந்தப்புலத்தில் வைக்கும்போது, ஒவ்வொரு துகளின் காந்தத் திசையும் புரண்டுகொண்டே இருப்பதால் அந்த ஆற்றல் வெப்பமாகிறது. 43 டிகிரியைத் தாண்டினால் புற்றணுக்கள் கதிர்வீச்சுக்கு எளிதில் பணிந்துவிடும். 1957-இல் கில்கிறிஸ்ட் குழுவினர் முன்வைத்த இந்த யோசனை இவ்வளவு தூரம் வந்திருக்கும்போது, வேறு வழி அடைபட்டவருக்கு இதை ஏன் மறுக்க வேண்டும்?

பள்ளத்தூர் ஆச்சி:
எங்கள் ஊருக்கு வந்து காந்தப் படுக்கை விற்றவரும் புற்றுநோய் கரையும் என்றுதான் சொன்னார். இதுவும் அதுவும் ஒன்றா?

காரைக்குடி வேதியியலார்:
இல்லை, ஆச்சி. படுக்கையில் உள்ளது திசை மாறாத நிலைக்காந்தம். அது எதையும் சூடாக்காது.

தேவகோட்டை மருந்தாளுநர்:
இயற்பியலில் எனக்கு ஐயமில்லை, சான்றில்தான் ஐயம். அனுமதி மருந்துக்கு அளிக்கப்படுவதைப் போன்றதன்று, மருத்துவச் சாதனத்துக்குரியது. 2011-இல் வெளியான ஆய்வில், கட்டி திரும்பிய 59 பேருக்குக் கதிர்வீச்சுடன் சேர்த்து இச்சிகிச்சையை அளித்தார்கள். கட்டி திரும்பியது கண்டறியப்பட்ட நாளிலிருந்து அவர்களுடைய இடைநிலை ஆயுட்காலம், அதாவது பாதிப் பேர் தாண்டிய காலம், 13.4 மாதங்கள். நல்ல எண்தான். ஆனால் அதே காலத்தில் வேறு சிகிச்சை பெற்ற ஒப்பீட்டுக் குழு அந்த ஆய்வில் இல்லை. பழைய நோயாளிகளின் கணக்கோடுதான் ஒப்பிட்டார்கள். உடல்நிலை தாங்கக்கூடியவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததால் கிடைத்த பலன் எவ்வளவு, வெப்பத்தால் கிடைத்த பலன் எவ்வளவு என்று அதில் பிரித்துச் சொல்ல முடியாது. சிகிச்சையை விற்ற பெர்லின் நிறுவனமான மாக்ஃபோர்ஸ் 2022-இல் திவால் மனு கொடுத்துவிட்டது என்பதையும் பங்காளிகளுக்குச் சொல்லுங்கள்.

காரைக்குடி வேதியியலார்:
நிறுவனம் நொடித்ததால் முறை பொய்யாகிவிடாது. அரிய நோய்க்கு ஒப்பீட்டுக் குழு அமைப்பதும் எளிதன்று.

தேவகோட்டை மருந்தாளுநர்:
பொய் என்று நான் சொல்லவில்லை, ஐயா. வழிவழியாக வந்த நிலத்தை விற்கச் சொல்லும் அளவுக்கு மெய் என்று நிறுவப்படவில்லை என்கிறேன். துகள்கள் கட்டிக்குள்ளேயே தங்கிவிடுவதால் அதன் பிறகு எம்ஆர்ஐ படம் அப்பகுதியில் சிதைந்துவிடும். கட்டி வளர்கிறதா, அடங்குகிறதா என்று பார்க்க மருத்துவர்கள் நாளும் நம்பியிருக்கும் கண்ணே அது. ஊசியால் குத்தாமல் இரத்தத்தின் வழியே அனுப்பலாமே என்றால், 2016-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், செலுத்திய நுண்துகள்களில் இடைநிலையாக 0.7 சதவீதமே கட்டியைச் சேர்வதாகக் கண்டார்கள்.

காரைக்குடி வேதியியலார்:
எம்ஆர்ஐ பற்றி நீங்கள் சொல்வது சரி. அதற்கு ஈடாக சிடி ஸ்கேன் கொண்டு துகள்கள் தங்கிய இடத்தையும் அடர்த்தியையும் கணக்கிட்டார்கள். புலத்தை வேண்டிய அளவு கூட்டவும் முடியாது. நல்ல திசுவிலேயே சுழல் மின்னோட்டம் தோன்றிச் சூடேறும். இருந்தும் நோயாளியே கேட்டால் தடுப்பவன் நானல்லன்.

கோட்டையூர் மருமகன்:
இன்றைக்கு இதைச் செய்கிற மருத்துவமனை உண்டா என்பது எழுத்தில் வரும்வரை கிரயப் பத்திரத்தை நிறுத்தி வைக்கும்படி பங்காளிகளிடம் சொல்லிவிட்டேன். அம்மானுக்குக் கடைவாய்ப் பற்களில் உலோக அடைப்பு இருக்கிறது. அது குறுக்கே நிற்குமா?

தேவகோட்டை மருந்தாளுநர்:
நிற்கும். உலோகம் அந்தப் புலத்தில் சூடேறும் என்பதால் நான் சொன்ன 2011 ஆய்வில் பல் அடைப்புகளை முன்கூட்டியே அகற்றினார்கள். பதில் வரும் வரை பல்லில் கை வைக்க வேண்டாம்.