கார்லோவி வாரி ஊற்று நீரைப் பாட்டிலில் பிடித்து வைக்கலாமா?

வழிப்போக்கன்: செக் குடியரசில், மருந்தாகக் குடிக்கும் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பெயர்போன கார்லோவி வாரியில் மூன்று நாள் தங்கல். ஒவ்வொரு ஊற்றாகப் போய் நிற்காமல், ஒரு லிட்டர் பிடித்து அறையில் வைத்துக் குடிக்கலாமா? அந்த மூக்கு வைத்த பீங்கான் கோப்பை அவசியமா, இல்லை கடைக்காரர்கள் கட்டிவிட்ட கதையா?

சுண்ணாம்புக்கல்: பாட்டில் வேண்டாம். பெரிய ஊற்றான வ்ரீட்லோவில் சுமார் 73 டிகிரி நீர் 12 மீட்டர் வரை பீறிடுகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 லிட்டர். மேலே தள்ளுவது கரியமில வாயு. சுண்ணாம்பைக் கரைத்து வைத்திருப்பதும் அதுவே. வாயு போய்விட்டால் சுண்ணாம்பு படியத் தொடங்கும்; நீர் கலங்கும், இரும்பு சேர்ந்து அடியில் செம்பழுப்பு வண்டல் தங்கும். அங்கே விற்கும் கல்ரோஜாவும் இப்படித்தான்: காகிதப் பூவை ஊற்று நீரில் நனைய விட்டால் மேலே கல்தோல் ஏறிவிடும். குழாய்களுக்கும் அதே கதி, விடாமல் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

மண்டபத்தூண்: கோப்பை வெறும் அலங்காரம் இல்லை. கைப்பிடியே உள்ளே துளையுள்ள உறிஞ்சுகுழல். நீர் அடியிலிருந்து மெல்ல வருகிறது, சூடு தணிகிறது, பல்லிலும் அதிகம் படாது. அள்ளிக் குடிக்காமல் சிறு சிறு மடக்காக, நடந்துகொண்டே குடியுங்கள். 18ஆம் நூற்றாண்டு மருத்துவர் டேவிட் பெக்கர் ஊற்றருகிலேயே குடிக்கச் சொன்னார். மழையிலும் நடக்கத்தான் தூண் மண்டபங்கள். 1871-81இல் யோசெஃப் சீடெக் கட்டிய மில் மண்டபத்தில் 124 தூண்கள். சூடு பிடிக்காதவர்கள் சூடு குறைந்த ஊற்றுக்குப் போகலாம்; உப்புகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான், மாறுவது சூடும் வாயுவும்.

உப்புக்கணக்கு: ஒரு லிட்டர் என்ற எண்ணத்தையே விடுங்கள். லிட்டருக்கு 6 கிராமுக்கு மேல் கரைந்த உப்பு, அதில் சோடியம் சல்பேட்டும் கணிசம். அதாவது பேதி மருந்து. காலையில் வெறும் வயிற்றில் மடமடவென்று குடித்தால் அன்றைய சுற்றுலா கழிப்பறையில் முடியும். ரத்த அழுத்தம், இதயம், சிறுநீரகத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

வழிப்போக்கன்: சரி, கோப்பையே வாங்குகிறேன். கழுவுவது?

சுண்ணாம்புக்கல்: குடித்ததும் நல்ல நீரைக் குழல் வழியே ஓடவிடுங்கள். காய்ந்துவிட்டால் துளை அடைபடும். வினிகரில் ஊறவைத்தால் நுரைத்துக்கொண்டு கரையும்.