பெற்றோருக்கு அருகருகே பிசினஸ் வகுப்பு இருக்கைகள்: ஆலோசனை வேண்டுகிறேன்

அன்பர்களுக்கு வணக்கம். கும்பகோணத்தில் வசிக்கும் என் பெற்றோர், சம்பா அறுவடை முடிந்ததும், லண்டனில் இருக்கும் என் தங்கை வீட்டுக்குச் சென்னையிலிருந்து துபாய் வழியாக எமிரேட்ஸில் செல்லவிருக்கிறார்கள். துபாயிலிருந்து புறப்படும் ஏ380 விமானத்தின் மேல்தளத்தில் பிசினஸ் வகுப்பு இருக்கைகள் 1-2-1 என, அதாவது இரு சன்னலோரமும் ஒவ்வொன்றும் நடுவில் இரண்டுமாக, அமைந்துள்ளன. நடுவிலுள்ள இரண்டும் ஒரு வரிசையில் ஒட்டியும், அடுத்த வரிசையில் இடையே மேசைகள் அமைந்து விலகியும் மாறி மாறி வருவதால், நடு இருக்கை என்று மட்டும் சொல்லிப் பதிவு செய்வது போதாது. ஒட்டியிருப்பவை ஈ (E), எஃப் (F) எழுத்துள்ளவை.

அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரைகளை வேளை தவறாமல் எடுத்துக் கொடுப்பவர் அப்பாதான். ஆகவே, உறங்கும்போதும் அவர் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதே எனக்கு முக்கியம், சன்னல் காட்சி அன்று. ஆனால் அந்த ஜோடி இருக்கைகளில் மேசை நடைபாதைப் பக்கம் இருக்கிறது. முழங்கால் வலியுள்ள அம்மாவால் அதைத் தாண்டி எளிதாக எழுந்து வர முடியுமா?

பின்கோடியில் உள்ள மதுக்கூடத்தின் பேச்சொலி உறக்கத்தைக் கெடுக்காமலிருக்க எந்த வரிசையைத் தேர்வது நல்லது? சென்னை–துபாய்ப் பயணத்தில் 2-3-2 அமைப்புள்ள போயிங் 777 விமானம் வந்தால், சன்னலோர ஜோடியையே எடுக்கலாம் என்றிருக்கிறேன். வயதான பெற்றோரை இவ்வாறு அனுப்பிவைத்தவர்கள் வரிசை எண்ணுடன் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.