தாலமியின் நாண் அட்டவணை: ஒரு பாகையின் நாண் எப்படிக் கிடைத்தது?

கேள்வி

வணக்கம். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி, அல்மஜெஸ்ட் என்ற தன் வானியல் நூலின் முதல் பகுதியிலேயே வட்ட நாண்களின் நீளங்களை ½ பாகை முதல் 180 பாகை வரை, அரைப் பாகை இடைவெளியில், 360 வரிகளாகத் தந்திருக்கிறார். வட்டத்தின் விட்டத்தை 120 பகுதிகளாகக் கொண்டு, ஒவ்வொரு பகுதியையும் பாபிலோனியரின் அறுபதின்மான முறையில் கலைகளாகவும் விகலைகளாகவும் பிரித்துக் கணக்கிட்டிருக்கிறார் (ஒரு பகுதியில் 60இல் ஒன்று கலை, ஒரு கலையில் 60இல் ஒன்று விகலை; பாகைக்கும் இதே பிரிவுதான்).

அறுகோணத்தின் பக்கம் 60 பாகையின் நாணையும், ஐங்கோணத்தின் பக்கம் 72 பாகையின் நாணையும் தருகின்றன என்பது புரிகிறது. இவ்விரண்டின் வேறுபாட்டிலிருந்து 12 பாகைக்கு வந்து, அதைப் பாதியாக்கிக்கொண்டே போனால் 6, 3, 1½, ¾ என்றுதான் இறங்க முடியும். அந்த வரிசையில் 1 பாகை வருவதே இல்லை. கோணத்தை மூன்றாகப் பிரிக்க அளவுகோலும் கவராயமும் போதா. அப்படியிருக்க, 1 பாகையின் நாண் எங்கிருந்து வந்தது? இவ்வளவு நுணுக்கமான அட்டவணை வானியலின் எந்தக் கணக்குக்குத் தேவைப்பட்டது என்பதையும் யாராவது ஓர் எடுத்துக்காட்டுடன் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். கிரேக்கர்கள் முக்கோணவியலைத் தொடங்கினார்கள் என்று பாடநூல்கள் ஒரே வரியில் கடந்துவிடுகின்றன.

பதில் 1

கேள்வியைச் சரியான இடத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். தாலமியும் அதே இடத்தில்தான் நிற்கிறார். 1½ பாகையின் நாண் தெரிந்திருந்தாலும், அதில் மூன்றில் ஒரு பங்கான ½ பாகையின் நாணை வடிவியல் வழியில் பெற முடியாது என்று அவரே எழுதுகிறார். அதற்கான முழு நிறுவல் 1837இல்தான் வான்ட்செல் என்ற பிரெஞ்சுக் கணிதவியலரிடமிருந்து வந்தது.

முதலில், 72இலிருந்து 60ஐக் கழிக்கும் படி. அதற்கு அவர் பயன்படுத்துவது இன்று அவர் பெயராலேயே அழைக்கப்படும் தேற்றம்: வட்டத்துள் அமைந்த நாற்கரத்தில், மூலைவிட்டங்களின் பெருக்கல், எதிரெதிர்ப் பக்கங்களின் பெருக்கல்களின் கூட்டுத்தொகைக்குச் சமம். அந்த நாற்கரத்தின் ஒரு பக்கமாக விட்டத்தை வைத்துவிட்டால், இரு விற்களின் நாண்களிலிருந்து அவற்றின் வேறுபாட்டின் நாண் கிடைத்துவிடும். நாம் பள்ளியில் படிக்கும் சைன் வேறுபாட்டு வாய்பாடு இதுவேதான்.

இனி 1 பாகை. இங்கே அவர் சமன்பாட்டை விட்டுவிட்டுச் சமனிலியைக் கையில் எடுக்கிறார். இரு விற்களில் பெரியதன் நாணுக்கும் சிறியதன் நாணுக்கும் உள்ள விகிதம், அந்த விற்களின் விகிதத்தைவிடக் குறைவாகவே இருக்கும். இந்த உண்மையை அவருக்கு நான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே அரிஸ்டார்க்கஸ் என்ற கிரேக்க வானியலர், சூரிய சந்திரத் தொலைவுகளைக் கணிக்கும்போது பயன்படுத்தியிருந்தார். தாலமி இதை இரு பக்கமிருந்தும் பொருத்துகிறார். ¾ பாகையின் நாண் 0 பகுதி 47 கலை 8 விகலை; அதை மூன்றில் நான்கு மடங்காக்கினால் 1 பகுதி 2 கலை 50 விகலையும், ஒரு விகலையின் மூன்றில் இரண்டு பங்கும் வருகின்றன. 1 பாகையின் நாண் இதைவிடச் சிறியது. 1½ பாகையின் நாண் 1 பகுதி 34 கலை 15 விகலை; அதில் மூன்றில் இரண்டு பங்கு 1 பகுதி 2 கலை 50 விகலை. 1 பாகையின் நாண் இதைவிடப் பெரியது. விகலை அளவில் இரு எல்லைகளும் ஒன்றாகிவிடுவதால், 1 பகுதி 2 கலை 50 விகலை என்பதையே அவர் எடுத்துக்கொள்கிறார்.

அந்த எண்ணை 360ஆல் பெருக்கி 120ஆல் வகுத்துப் பாருங்கள்: 377/120, அதாவது 3.1417 வரும். துல்லியமாக அடைய முடியாத ஒன்றை, எவ்வளவுக்குள் அடைந்திருக்கிறோம் என்று காட்டி ஏற்றுக்கொள்வது என்னைப் பொறுத்தவரை அந்த நூலின் மிக உயர்ந்த பக்கம்.

பதில் 2

இரண்டாவது கேள்விக்குச் சூரியனின் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோட்ஸ் தீவில் ஆய்வு செய்த கிரேக்க வானியலர் ஹிப்பார்க்கஸ், வசந்த சம இரவு நாளிலிருந்து கோடையின் நெடும்பகல் நாள் வரை 94½ நாட்களும், அங்கிருந்து இலையுதிர் கால சம இரவு நாள் வரை 92½ நாட்களும் ஆகின்றன என்று கண்டார். சூரியன் பூமியைச் சீரான வேகத்தில் சுற்றுகிறது என்றால் இந்த இரு பருவங்களும் சமமாக இருக்க வேண்டும். வேகம் சீரானது என்ற கொள்கையைக் கைவிட அவர் விரும்பவில்லை. அதனால் வட்டத்தின் மையத்தைப் பூமியிலிருந்து சற்றே விலக்கி வைத்தார். எவ்வளவு விலக்குவது என்பதை நாண்கள்தான் சொல்கின்றன.

தாலமி தரும் வடிவில் அந்தக் கணக்கு இப்படிப் போகிறது. இரு பருவங்களும் சேர்ந்த 187 நாட்களில் சூரியன் தன் வட்டத்தில் 184 பாகை 20 கலை நகர்கிறது. அரைவட்டத்தைவிட இது 4 பாகை 20 கலை கூடுதல்; அதன் நாண் 4 பகுதி 32 கலை; அதில் பாதியான 2 பகுதி 16 கலை ஒரு திசையிலான விலகல். 94½ நாட்களுக்குரிய வில் 93 பாகை 9 கலை. அதிலிருந்து 90 பாகையையும், முன்சொன்ன கூடுதலில் பாதியான 2 பாகை 10 கலையையும் கழித்தால் 59 கலை எஞ்சும். அதை இரட்டித்து நாணைப் பார்த்து, அந்த நாணைப் பாதியாக்கினால் 1 பகுதி 2 கலை, செங்குத்துத் திசையிலான விலகல். இவ்விரண்டின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் ஏறத்தாழ 2½ பகுதி. ஆரம் 60 பகுதி என்பதால், விலகல் ஆரத்தில் 24இல் ஒரு பங்கு.

பருவங்களின் நாட்கணக்கு மட்டுமே கையில் இருக்க, வானத்தில் கண்ணுக்குப் புலப்படாத ஒரு மையத்தின் இடத்தை இப்படி எண்ணால் குறித்துவிட முடிந்தது. கோள்களுக்கும் கிரகணங்களுக்கும் இதே வேலையை இன்னும் சிக்கலான வடிவங்களில் செய்ய வேண்டியிருந்தது. அட்டவணை இல்லாமல் ஒவ்வொரு முறையும் ஐங்கோணத்திலிருந்து தொடங்கினால் யாராலும் முடித்திருக்க இயலாது.

பதில் 3

மேலே உள்ள இரு பதில்களுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நாண் அட்டவணையைத் தாலமியின் கண்டுபிடிப்பாகக் கருதிவிடக் கூடாது. ஹிப்பார்க்கஸ் நாண்களைப் பற்றி 12 பகுதிகளில் எழுதினார் என்று தாலமிக்கு உரை எழுதிய கி.பி. 4ஆம் நூற்றாண்டின் தியோன் குறிப்பிடுகிறார். அந்த நூல் அழிந்துவிட்டது. ஹிப்பார்க்கஸின் எழுத்துகளில் முழுமையாக எஞ்சியிருப்பது அராட்டஸின் விண்மீன் கவிதைக்கு அவர் எழுதிய திறனாய்வு ஒன்றே.

இதனால் எது யாருடையது என்ற வழக்கு நீண்டது. தாமே நோக்கியவை என்று தாலமி பதிவுசெய்யும் சம இரவு நேரங்கள் உண்மை நேரத்தைவிட ஏறத்தாழ ஒரு நாள் பிந்தியிருக்கின்றன. ஆனால் ஹிப்பார்க்கஸின் ஆண்டு நீளத்தைக் கொண்டு கணக்கிட்டால் கச்சிதமாகப் பொருந்துகின்றன. இது கடுமையான ஐயத்தைக் கிளப்பியது நியாயமே. அதே வேளையில், தாலமியின் விண்மீன் பட்டியல் முழுவதும் ஹிப்பார்க்கஸுடையதன் நகல் என்ற குற்றச்சாட்டு 2022இல் வலுவிழந்தது. சினாய் மலையின் புனித கேத்தரின் மடாலயத்திலிருந்து வந்த ஒரு தோல்சுவடியில், சிரியாக் எழுத்துகளுக்கு அடியில் சுரண்டி அழிக்கப்பட்டிருந்த கிரேக்க வரிகளைப் பல்வேறு அலைநீள ஒளிகளில் படமெடுத்து வாசித்தனர். வடமகுடம் என்ற விண்மீன் குழுவின் எல்லைகளைக் குறிக்கும் அந்த எண்கள் ஏறத்தாழ கி.மு. 129க்குரிய வானத்துடன் ஒத்துப்போகின்றன. ஹிப்பார்க்கஸுடையவை என்று கருதப்படும் அந்த எண்களும் தாலமியின் எண்களும் ஒன்றல்ல.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இரண்டாம் பதிலில், வில்லை இரட்டித்து நாணைப் பார்த்து மறுபடி பாதியாக்கும் படி எனக்கு வீண்வேலையாகத் தோன்றுகிறது. பிற்காலத்தவர் யாரும் அதை நீக்கவில்லையா?

பதில் 2இன் தொடர்ச்சி

நீக்கினார்கள், இந்தியாவில்தான் அது நடந்தது. கி.பி. 499ஐ ஒட்டி ஆரியபட்டர் எழுதிய நூலில் முழு நாணுக்குப் பதிலாக அரைநாணே (இன்றைய சைன்) இருக்கிறது. 90 பாகையை 3¾ பாகை வீதம் 24 படிகளாகப் பிரித்து, அடுத்தடுத்த அரைநாண்களின் வேறுபாடுகளை மட்டும் அவர் தருகிறார். ஆரம் 3438 கலை. வட்டத்தின் சுற்றளவான 21,600 (360 × 60) கலைகளிலிருந்து பெற்ற ஆரம் அது. வில்லையும் நாணையும் ஒரே அலகில் அளக்கலாம் என்பது அதன் பெரும் வசதி. 3438 என்ற ஆரம் ஹிப்பார்க்கஸிடமே இருந்திருக்கலாம் என்று சில வரலாற்றாசிரியர்கள் கருதியிருக்கிறார்கள். நேரடிச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. உங்கள் முதல் கேள்வியில் இருந்த 1 பாகைச் சிக்கலை 15ஆம் நூற்றாண்டில் சமர்கந்தில் அல்-காஷி என்ற பாரசீகக் கணிதவியலர் வேறு வழியில் அணுகினார். 3 பாகையின் சைனிலிருந்து ஒரு முப்படிச் சமன்பாட்டை அமைத்து, விடையைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டே போய், வேண்டிய அளவு நுணுக்கத்தை எட்டினார்.