நெஞ்செரிவுக்குக் குளிசை போட்டும் சாப்பாடு நெஞ்சுக்குள்ள அடைக்குது, எண்டொஸ்கோப்பி கட்டாயம் செய்யணுமா?

வாவிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம், களுவாஞ்சிக்குடிப் பக்கம் இருந்து எழுதுறன். எங்கட வீட்டுக்காரருக்கு 36 வயசு, கன வருசமா நெஞ்செரிவும் புளிச்ச ஏப்பமும் கிடக்கு, கேஸ்ட்ரைட்டிஸ்தானே எண்டு பார்மசில ஒமிப்ரசோல் வாங்கி எரிவு கூடினாப் போடுவாரு குறைஞ்சா விட்டுருவாரு. இப்ப கொஞ்ச காலமா வேற மாதிரி. இறைச்சி, புட்டு, பாண் இதுகள் விழுங்கக்குள்ள நெஞ்சுக்கு நடுவுல நிண்டுடுது, தண்ணி குடிச்சா தண்ணியும் திரும்பி மேல வருது, எழும்பிப் பின்னால போய்த் துப்பிட்டு வந்துதான் மிச்சத்தைச் சாப்பிடுவாரு. சோத்தைக் குழம்பு ஊத்திக் குழைச்சாத்தான் இறங்கும், எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவினப்புறமும் அவரு இருந்து மென்டுக்கிட்டு இருப்பாரு. மெலியல்ல, சத்தியில ரத்தம் ஒண்டும் இல்ல. சின்ன வயசுல இருந்து தொய்வு (ஆஸ்துமா) இருக்கு, பம்ப் அடிக்கிறவர். டொக்டர் எண்டொஸ்கோப்பி செய்யச் சொல்லிட்டாரு, இவருக்குக் குழாய் விடுற எண்டாப் பயம், மாமி ஓமத்தண்ணி குடிச்சாச் சரியாகும் எண்டு சொல்லுறா. புற்றுநோயா இருக்குமோ எண்டு எனக்கு ராவுல நித்திரை இல்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

அக்கரைப்பற்று நானா:
தங்கச்சி, நான் எண்டொஸ்கோப்பி யூனிட்ல நேர்ஸா வேலை செய்யிறன், அதனால பார்த்ததை வச்சுச் சொல்லுறன், முடிவு சொல்ல வேண்டியது டொக்டர்தான். எரிவு வேற, அடைக்கிறது வேற. எரிவுக்கு முதல்ல குளிசை போட்டுப் பார்க்கலாம், அடைச்சா உள்ளுக்குப் பார்க்கத்தான் வேணும், தள்ளிப் போட வேணாம். 36 வயசுல, மெலியாம, தொய்வும் இருக்கிற ஆம்பிளைக்குச் சாப்பாடு அடைச்சாப் புற்றுநோய்க்கு முன்னால வேற ஒண்டுதான் எங்கட ஞாபகத்துக்கு வரும், இயோசினோபிலிக் ஈசோஃபஜைட்டிஸ் எண்டு சொல்லுவாங்க. தொய்வு, எக்ஸிமா, தும்மல் அலர்ஜி உள்ள ஆக்களுக்கு வாற அலர்ஜி மாதிரி ஒரு அழற்சி, உணவுக்குழாய்ச் சுவருக்குள்ள இயோசினோபில் எண்ட வெள்ளை அணு வந்து சேர்ந்துடும், கவனிக்காம விட்டாக் குழாய் தடிச்சு ஒடுங்கிப் போகும். இது தனி நோய் எண்டு 1990கள்லதான் பிரிச்சு எழுதத் தொடங்கினாங்க, அதனால பழைய ஆக்கள் எல்லாத்தையும் கேஸ்ட்ரைட்டிஸ் எண்டுதான் சொல்லுவாங்க.

இதுல முக்கியமான விசயம், கமராவுல பார்க்கக்குள்ள குழாய் சாதாரணமாத் தெரியலாம். வளையம் வளையமாவோ நீட்டுக் கோடு விழுந்தோ இருந்தா உடனே பிடிபடும், இல்லாட்டி பயொப்சி எண்டு உள்சுவர்ல சின்னத் துண்டு கிள்ளி எடுத்துச் சோதிச்சாத்தான் தெரியும். மேலயும் கீழயும் சேர்த்து ஆறு துண்டாவது எடுக்கணும், மைக்ரோஸ்கோப்புல ஒரு பார்வைக்குள்ள 15 இயோசினோபில் அல்லது அதுக்கு மேல இருந்தாத்தான் அந்தப் பேரைச் சொல்லுவாங்க. அதனால "சாப்பாடு அடைக்குது, தொய்வும் இருக்கு, பயொப்சி எடுப்பீங்களா டொக்டர்" எண்டு வாய் திறந்து கேளுங்க, அடைக்கிற கதையைச் சொல்லாம வெறும் எரிவு எண்டு சொன்னா எடுக்காமலும் விடலாம். ஒமிப்ரசோலை எத்தனை கிழமைக்கு முதல் நிப்பாட்டணும் எண்டும் கேளுங்க, போட்டுக்கிட்டுப் போனா உள்ள இருக்கிறது மறைஞ்சு போகலாம்.

குழாய்க்குப் பயப்பட ஒண்டும் இல்ல. ஆறு மணித்தியாலம் வெறுவயித்தோட வரணும், தொண்டைக்கு விறைக்க ஸ்ப்ரே அடிப்பாங்க, இடப்பக்கம் சரிஞ்சு படுக்கணும், பத்து நிமிசத்துக்குள்ள முடிஞ்சிரும். ஓங்காளிக்கும், அந்த நேரம் மூக்கால மெதுவா மூச்சு விடச் சொல்லுங்க.

படுவான்கரை:
வயல் செய்யிறவரா அக்கா? பெரும்போகத்துல எலிக்காய்ச்சலுக்குக் கிழமைக்கு ஒருக்காக் குடுக்கிற டொக்சிசைக்கிளின் குளிசையை இஞ்ச கனபேர் ராவுல படுக்கப் போகக்குள்ள ஒரு மிடறு தண்ணியோட போட்டுட்டுச் சரிஞ்சிருவாங்க, அது நெஞ்சுக்குள்ள ஒட்டி அங்கயே கரைஞ்சு புண்ணாக்கிடும். எங்கட அண்ணருக்கு அப்படித்தான், விடிய எழும்பி எச்சில் விழுங்கினாக் கத்தியால கீறுற மாதிரி. அதுக்காகக் குளிசையை விடவும் ஏலாது, எலிக்காய்ச்சல் உயிரைக் கொண்டுபோற வருத்தம். சாப்பிட்டப்புறம் ஒரு கிளாஸ் தண்ணி முழுக்கக் குடிச்சுப் போட்டு அரை மணித்தியாலமாவது நிமிந்து இருக்கணும். எலும்புக்குக் குடுக்கிற அலென்ட்ரோனேட், பொட்டாசியம், நோவுக் குளிசை எல்லாத்துக்கும் இந்தத் தண்ணிக் கவனமும் நிமிந்து இருக்கிற கவனமும் வேணும், ஆனா அலென்ட்ரோனேட்டைச் சாப்பிட்டப்புறம் இல்ல, விடிய வெறுவயித்துலதான் போடணும்.

கல்முனைக்குடி ராத்தா:
எனக்கு நானா சொன்ன அந்த வருத்தம்தான் புள்ள. எனக்கு ஒமிப்ரசோலை ரெண்டு நேரம், சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்தி, எட்டுக் கிழமை விடாமப் போடச் சொன்னாங்க, அதுலயே அரைவாசிப் பேருக்குக் கிட்ட அழற்சி குறையுமாம், எனக்குக் குறையல்ல. மறுகா தொய்வுக்கு அடிக்கிற புளூட்டிகசோன் பம்பை மூச்சால இழுக்காம வாய்க்குள்ள அடிச்சு விழுங்கச் சொன்னாங்க, விழுங்கி அரை மணித்தியாலத்துக்கு ஒண்டும் சாப்பிடாம குடிக்காம இருக்கணும், வாயைக் கொப்புளிச்சுத் துப்பணும், இல்லாட்டி வாய்க்குள்ள வெள்ளை பிடிக்கும். வீட்டுல பம்ப் இருக்கே எண்டு நீங்களாச் செய்ய வேணாம், அளவை டொக்டர்தான் சொல்லணும்.

சாப்பாட்டுப் பக்கம் முதல்ல பாலை விட்டுப் பார்க்கச் சொன்னாங்க. முந்தி பால், கோதுமை, முட்டை, சோயா, கச்சான் கஜு மாதிரிக் கொட்டை வகை, மீன் எண்டு ஆறையும் ஒண்டா விடச் சொல்லுவாங்களாம், பாலை மட்டும் விட்டாலும் கிட்டத்தட்ட அதே பலன் எண்டு 2023ல அமெரிக்காவுல ஆய்வு வந்திருக்கு. மீனை விடச் சொல்லாம விட்டதே பெரிய ஆறுதல். ஆனாத் தயிரும் பால்தான், பால்தேத்தண்ணியும் பால்தான், பாக்கெட்ல வாற பிஸ்கட்டுக்குள்ளயும் பால்மா கிடக்கும், பின்னால வாசிச்சுப் பார்த்து வாங்கணும். நோன்புக்கு சஹர் முடிஞ்ச கையோட படுக்கிறதையும் விட்டுட்டன், அதுல எரிவு நல்லாக் குறைஞ்சிச்சு.

வாவிக்கரை:
எல்லாருக்கும் நன்றி. ஓம் தம்பி, வயல் இருக்கு, அந்தக் குளிசையும் போடுறவர், ஆனா நோவு எண்டு சொல்லல்ல, அடைக்குது எண்டுதான் சொல்லுறாரு. நானா, வீட்டுல திடீரெண்டு அடைச்சு இறங்காட்டி என்ன செய்யிற? மாமி வாழைப்பழத்தைத் தள்ளி விழுங்கச் சொல்லுறா.

அக்கரைப்பற்று நானா:
வாழைப்பழமும் வேணாம் சோத்து உருண்டையும் வேணாம் தங்கச்சி, மீன்முள்ளுக்குச் செய்யிற பழக்கம் அது, இறைச்சித் துண்டுக்கு மேல இன்னொண்டைத் தள்ளினா அடைப்புக் கூடும், சத்தி எடுக்கச் சொல்லி விரலைப் போடவும் வேணாம். கொஞ்ச நேரம் நிமிந்து அமைதியா இருக்கச் சொல்லுங்க. எச்சிலையும் விழுங்க ஏலாம வாயால வடிஞ்சா எந்தச் சாமமா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க, அதை எண்டொஸ்கோப்பியாலதான் எடுப்பாங்க. நெஞ்சு நோவோட வேர்த்துக் கையும் இழுத்தாச் சாப்பாடு எண்டு நினைக்க வேணாம், முதல்ல ஈசிஜி. டொக்சிக் குளிசை விசயத்தையும் டொக்டருக்குச் சொல்லுங்க, நீங்க சொல்லுற மாதிரி நோவில்லாம மெல்ல மெல்ல வந்ததுக்கு அது காரணமா இருக்குற சாத்தியம் குறைவு, இருந்தாலும் அவருக்குத் தெரிஞ்சிருக்கணும். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில திகதி தந்திருந்தா அந்தத் திகதியை விட வேணாம். பயொப்சி ரிப்போர்ட் வரப் பிந்தும், வந்ததும் கிளினிக்குக்குக் கையோட கொண்டு போங்க.