ஐசியூவில் இருக்கும்போதே கைப்பயிற்சி தேவையா?

கேள்வி: அண்ணாச்சிமாரே, பாளையங்கோட்டையில் அப்பா 9 நாளாக ஐசியூவில், வென்டிலேட்டரில் இருக்கிறார். இன்று தெரபிஸ்ட் அவர் கையில் சீப்பைக் கொடுத்துத் தலை வாரச் சொன்னார். சீப்பு நழுவி நழுவி விழுந்தது, பார்க்கவே முடியவில்லை. இப்போதே இது தேவையா?

பதில் 1: தேவைதான் தம்பி. படுத்தே கிடந்தால் சில நாளிலேயே தசை கரைய ஆரம்பித்துவிடும். 2009இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்த 104 பேரில் சீக்கிரமே பயிற்சி தொடங்கியவர்களில் 59 சதவீதம் பேர் டிஸ்சார்ஜ் ஆகும்போது குளிப்பது, உடுத்துவதைத் தாங்களே செய்தார்கள், மற்றவர்களில் 35 சதவீதம்தான். ஐசியூவில் வரும் மனக்குழப்பம் நீடித்த நாளும் குறைந்தது.

பதில் 2: அப்பாவின் மூக்குக்கண்ணாடியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். நாங்கள் அம்மாவுக்குக் கொடுக்க மறந்து, எங்களையே அடையாளம் தெரியாமல் தவித்தார்கள்.

கேட்டவர்: சரி அண்ணாச்சி, காலையிலேயே எடுத்துப் போகிறேன்.