அம்பாசிடர் மார்க் 4: தரை துருப்பிடிச்சு ஓட்டை, சீட் போல்ட் அசையல. வழி சொல்லுங்க

குலசேகரத்துக்காரன்:
வணக்கம். வண்டி 1986 மாடல், பெட்ரோல். அப்பா வாங்கினது. ரப்பர் ஷீட்டை மார்த்தாண்டம் கொண்டுபோய் விக்கிறதும், ரப்பர் பால் உறைய வைக்கிற ஃபார்மிக் ஆசிட் கேனை வாங்கிட்டு வர்றதும் எல்லாம் இதுலதான். அப்பா போனப்புறம் ஆறு வருஷமா ஷெட்டுல நிக்குது. எங்க பக்கம் ஆனி ஆடியிலயும் மழை, ஐப்பசியிலயும் மழை.

போன வாரம் கால்மிதி மேட்டைத் தூக்கினா, அடியில இருந்த சாக்கு சொதசொதன்னு ஈரம். டிரைவர் காலடியில உள்ளங்கை அளவு ஓட்டை, பின்னாடி இடது பக்கம் அதைவிடப் பெருசு. முன்சீட்டு போல்ட் நாலும் அசையல. 13 ஸ்பேனர் போட்டு இழுத்ததுல ரெண்டோட தலை உருண்டுபோச்சு.

இங்க ஒரு ஒர்க்ஷாப்புல மேலேயே தகடு வச்சு ரிவெட் அடிச்சு, தார் பூசிடலாம்னாங்க. செய்யலாமா?

செங்கோட்டை மார்க் 2:
அண்ணே, அந்த 13 ஸ்பேனரை முதல்ல ஓரமா வைங்க. இது மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்த வண்டி, போல்ட் எல்லாம் இஞ்சு கணக்கு. அரை இஞ்சுன்னா 12.7 மில்லி. 13 போட்டா நல்ல போல்ட்டுல சமாளிக்கும், துருப்பிடிச்சதுல தலையைத் தின்னுரும். 9/16-க்கு 14 நுழையாது, 15 வழுக்கும். ஒரு இஞ்சு சாக்கெட் செட் வாங்குங்க, ஆறு முனை உள்ளதா பாத்து.

கம்பி பிரஷ் போட்டு மரையைச் சுத்தம் பண்ணிட்டு, அடியிலிருந்து துரு இளக்குற எண்ணெய் அடிங்க. காலையில ஒருதரம், ராத்திரி ஒருதரம், நாலு நாள். நடுவுல போல்ட் தலையில சுத்தியலால நேரா நாலு தட்டு. கழட்டும்போது எடுத்த எடுப்புல இடப்பக்கம் இழுக்காதீங்க. துளி இறுக்கி, அப்புறம் இளக்கி, அப்படியே முன்னும் பின்னும். என் வண்டியில பின்சக்கரப் பட்டை ஸ்பிரிங்கைப் பிடிக்கிற யு போல்ட் ஒன்னு அஞ்சாவது நாள்தான் இளகிச்சு.

பாறசாலை டிங்கர்:
மக்களே, ரிவெட் அடிக்காண்டாம். அம்பாசிடருக்குத் தனியா சேசிஸ் கிடையாது, தரையும், கதவுக்குக் கீழ ஓடுற வாசப்படிப் பெட்டியும்தான் வண்டியைத் தாங்குது. மேல தகடு வச்சா ரெண்டு தகடுக்கும் நடுவுல தண்ணி நிக்கும், இருக்கிற நல்ல இரும்பும் போயிரும்.

தலை உருண்ட போல்ட்டுக்கு மேல ஒரு நட்டை வச்சு உள்ளே வெல்டிங் நிரப்பு. அந்தச் சூட்டுலயே பாதி இளகும். அடியில தகட்டுக் கூட்டுக்குள்ள உக்காந்திருக்கிற கூண்டு நட்டு சேர்ந்து சுத்துச்சுன்னா மல்லுக்கட்டாத. அந்த இடம் எப்படியும் வெட்டப்போறதுதானே, கிரைண்டர் போட்டுத் தலையை எடுத்துரு. எண்ணெய் அடிச்ச இடத்துல உடனே நெருப்பு காட்டாத. சாக்கு, மேட் எல்லாம் வெளிய. பேட்டரி ஒயரைக் கழட்டு. பிரேக் பைப்பும் பெட்ரோல் பைப்பும் எந்த வழியா போகுதுன்னு குனிஞ்சு பாத்துட்டு அப்புறம் தொடு.

இனி முக்கியமானது. முன்சக்கரத்துக்கு இதுல காயில் ஸ்பிரிங் இல்ல, முறுக்குக் கம்பி. டார்ஷன் பார்னு சொல்லுவோம். அது தரைக்கு அடியில பின்னோக்கி ஓடி, முன்சீட்டுக்குக் கீழ உள்ள குறுக்குச் சட்டத்துல பிடிச்சிருக்கும். வண்டியோட முன்பாரம் முழுக்க அந்தப் பிடியிலதான் நிக்குது. அங்க உள்ள போல்ட்டையும் சீட் போல்ட்டுன்னு நினைச்சு இளக்கிராத. சக்கரத்தைத் தொங்க விட்டாலும் கம்பியில முறுக்கு மிச்சம் இருக்கும், கை போயிரும். கூர்மையான திருப்புளியால அந்தச் சட்டத்தைக் குத்திப் பாரு. உள்ள இறங்குச்சுன்னா வண்டியை ஓட்டாத, கை பழகின ஆளைக் கூப்பிடு.

தரைக்கு 18 கேஜ் சிஆர் ஷீட், அதாவது பூச்சு இல்லாத இரும்புத் தகடு, கிட்டத்தட்ட 1.2 மில்லி கனம். துத்தநாகம் பூசின ஜிஐ ஷீட் வேண்டாம், வெல்டிங்ல துத்தநாகப் புகை வரும், காய்ச்சல் அடிக்கும். நல்ல இரும்பு தெரியுறவரை வெட்டு. சிஓடூ கேஸ் விட்டுச் செய்யுற வெல்டிங், ஒரே இழுப்பா இழுக்காம அங்கொன்னும் இங்கொன்னும் புள்ளி வச்சுப் போகணும், இல்லன்னா தகடு கோணும். ஒரு பக்கம் முடிச்சுட்டுத்தான் மறுபக்கம் வெட்டணும். கதவு முன்ன மாதிரி மூடுதான்னு நடுநடுவுல பாத்துக்க.

குலசேகரத்துக்காரன்:
ரொம்ப நன்றி அண்ணாச்சி. பின்பக்க ஓட்டை ஆசிட் சிந்தினதாலயா இருக்குமா? கேன் எப்பவும் அங்கதான் இருக்கும்.

பாறசாலை டிங்கர்:
இருக்கும். வெட்டின ஓரத்தைச் சுத்தி சோடா உப்பு கலக்கின தண்ணியால கழுவி, நல்ல தண்ணி விட்டு, ஒரு நாள் வெயில்ல காயப்போடு. அப்புறம் பிரைமர். ஆனா டிரைவர் காலடிக்கு ஆசிட் போகலையே? சாக்கு இப்பவும் ஈரமா இருக்குன்னா மழைத்தண்ணி வர்ற வழி ஒன்னு இருக்கு. அதை முதல்ல பிடி.

குலசேகரத்துக்காரன் (பதினேழு நாள் கழிச்சு):
மூணு போல்ட் இஞ்சு சாக்கெட்டுல முழுசா வந்துச்சு. நாலாவதுல நட்டு வெல்டிங் வச்சு எடுத்தோம். குறுக்குச் சட்டத்தைக் குத்திப் பாத்தேன், நடுவுல கெட்டியா இருக்கு. இடது முனையில மட்டும் ரெண்டு விரல் அகலத்துக்குச் செதில் செதிலா உரியுது. திருப்புளி இறங்கல. ஆனாலும் வண்டியை எடுக்கல.

தண்ணி வர்ற வழியும் தெரிஞ்சுது. தம்பி வெளிய ஹோஸ் பிடிச்சான், நான் உள்ள டார்ச்சோட படுத்துக் கிடந்தேன். முன்கண்ணாடி ரப்பர், டிரைவர் பக்கக் கீழ்மூலை. அங்கிருந்து டாஷ்போர்டுக்குப் பின்னாடியா இறங்கி நேரா காலடிக்கு வருது.

பாறசாலை டிங்கர்:
அப்ப ரப்பர் மாத்தினப்புறம் ஷீட் வெட்டுனா போதும். அந்த இடது முனையை போட்டோ எடுத்துப் போடு. அடியிலிருந்து, வெளிச்சத்துல.